ஜாவா மென்பொருளில் அடுக்கு இயக்கச் சூழல்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2017 செப்டம்பரில் வெளிவந்த ஜாவா 9, அம்மொழிக்குக் கூறு முறைமையை வழங்கியது. ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் மோதும் பழைய சிக்கலுக்கு அது முடிவு கட்டியது எனக் கருதுவது இயல்பு. ஆயினும் அம்முறைமை அச்சிக்கலைத் தானே தீர்க்காமல், அடுக்கு என்னும் அமைப்பின்வழி மென்பொருளைக் கட்டுவோரிடம் ஒப்படைத்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வகுப்புப் பாதையும் வகுப்பேற்றியும்

1996இல் வெளிவந்த ஜாவாவில், வகுப்புகள் வகுப்புப் பாதையில் வரிசையாகத் தேடப்பட்டன; முதலில் கிடைத்ததே ஏற்கப்பட்டது. ஒரு நூலகத்தின் இரு பதிப்புகள் அப்பாதையில் இருந்தால், முன்னது பின்னதை மறைத்துவிடும். மொழிமாற்றத்தின்போது தென்படாத பிழை, இயங்கும்போது வெளிப்படும். நிரலர்கள் இதனை 'ஜார் நரகம்' என்றழைத்தனர்.

தீர்வுக்கான வழி மெய்நிகர் பொறியிலேயே இருந்தது. அங்கு ஒரு வகுப்பின் அடையாளம் அதன் பெயரோடு, அதனை ஏற்றிய வகுப்பேற்றியையும் சார்ந்தது. எனவே இரு வகுப்பேற்றிகள் இரு பதிப்புகளை ஒருங்கே இயக்க இயலும். 1999இல் தோன்றிய ஓஎஸ்ஜிஐ இவ்வடிப்படையில் அமைந்தது. 2004இல் எக்ளிப்ஸ் 3.0 அதனை ஏற்றது. எனினும் அது ஜாவாவுக்கு வெளியே கட்டப்பட்ட ஏற்பாடாகவே நீடித்தது.

ஜிக்சாவும் கருத்து வேறுபாடும்

2008இல் தொடங்கிய ஜிக்சா திட்டம், ஜாவா தளத்தையே கூறுகளாகப் பிரிக்க முனைந்தது. கூறு முறைமைக்கான ஜேஎஸ்ஆர் 376, பதிப்புத் தெரிவைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை; அது கட்டுமானக் கருவிகளின் பணியாக விடப்பட்டது. 2017 மே மாத வாக்கெடுப்பில் இவ்வரைவு 13 எதிர்ப்பும் 10 ஆதரவும் பெற்றுத் தோற்றது. ஐபிஎம், ரெட் ஹேட் ஆகியன எதிர்த்தவற்றுள் அடங்கும். திருத்தப்பட்ட வரைவு ஜூனில் 24 ஆதரவு வாக்குகளுடன் நிறைவேறியது. ரெட் ஹேட் மட்டும் வாக்களிக்காது விலகி நின்றது.

அடுக்கின் இயல்பு

ஓர் அடுக்கினுள் ஒரு பெயரில் ஒரு கூறே இருக்க இயலும். ஆனால் வெவ்வேறு அடுக்குகளில் அதே பெயருடைய கூறுகள் தத்தம் வகுப்பேற்றிகளுடன் இயங்கலாம். ஜாவா தொடங்கும்போது அடித்தள அடுக்கு உருவாகிறது. அதனைத் தாயடுக்காகக் கொண்டு பயனர் மேலடுக்குகளை அமைக்கலாம். இரு செருகுநிரல்கள் ஒரே நூலகத்தின் வேறுவேறு பதிப்புகளை நாடினால், ஒவ்வொன்றுக்கும் தனி அடுக்கு அமைப்பதே வழியாகும்.

இவ்வமைப்பு நிரலிடைமுகமாக மட்டுமே கிடைத்தது. அடுக்குகளை விவரிக்கும் கட்டளை ஜாவா தொடக்கியில் இல்லை. 2020இல் அறிமுகமான லேயிரி இவ்விடைவெளியை நிரப்பியது. அடுக்குகளையும் அவற்றின் தாயடுக்குகளையும் ஓர் அமைவுக் கோப்பில் எழுதினாலே போதும் என்னும் நிலையை அது உருவாக்கியது.

அடுக்குக்கும் வரம்பு உண்டு. உருவான அடுக்கில் கூறுகளைச் சேர்க்கவோ நீக்கவோ இயலாது. அதன் வகுப்புகளை எந்த நிரலும் சுட்டாத நிலை வந்தாலன்றி நினைவகமும் விடுபடாது.

முடிவுரை

கூறு முறைமை பதிப்பு மோதலை ஒழிக்கவில்லை. அம்மோதலுக்கு எல்லை வகுக்கும் கருவியைத் தந்தது. எந்தக் கூறு எவ்வடுக்கில் அமைய வேண்டும் என்னும் முடிவு மனிதரிடமே நின்றது. ஆகவே ஜாவாவின் கூறு வரலாற்றை 2017இல் முடிந்த ஒன்றாக எழுதுவது பொருந்தாது. அம்முறைமை ஏற்காது விட்ட பொறுப்பை யார், எக்கருவியால் ஏற்றனர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.