கம்பி போகும் வழி

மோட்டார் வண்டி கிளம்ப மறுப்பது இன்று நமக்கு ஒரு சிறு தொல்லை. நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்போ, வண்டியைக் கிளப்புவதே ஓர் ஆபத்தான செயலாக இருந்தது. முகப்பில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி, உடல் வலிமையெல்லாம் கூட்டிச் சுழற்றினால்தான் இயந்திரம் உயிர் பெறும். மின்பொறி சற்று முந்தித் தெறித்துவிட்டால், பிடி எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். இவ்வாறு அடிபட்ட நண்பர் ஒருவரின் மரணமே காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்டை மாற்று வழி தேடத் தூண்டிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. கதையின் விவரங்களில் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆயினும் 1911இல் சார்ல்ஸ் கெட்டரிங் என்னும் பொறியாளர் மின்மோட்டாரால் காடிலாக் வண்டியைக் கிளப்பிக் காட்டினார் என்பது மெய். 1912ஆம் ஆண்டு வண்டிகளில் அது இடம் பெற்றது.

கெட்டரிங் அதற்கு முன்னர், கடைகளில் காசு வாங்கும் கணக்குப் பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்தியவர். அங்கேதான் அவருக்கு உண்மை புலப்பட்டது. நாள் முழுவதும் உழைக்கும் மோட்டார் வேண்டுவதில்லை. ஓரிரு விநாடி பெருவலிமை காட்டிவிட்டு ஓய்ந்துவிடும் சிறு மோட்டாரே போதும். நம் ஊர்ப் பட்டறைகளில் ‘செல்ஃப்’ என்று சொல்லப்படுவது அதன் வழித்தோன்றல்தான்.

செல்ஃப் வந்ததும் பெரிய மின்கலம் வந்தது. மின்கலத்தை நிரப்ப டைனமோ வந்தது. பிறகு விளக்கு, ஒலிப்பான், துடைப்பான் என்று கம்பிகள் கொடிபோல் படர்ந்தன. கம்பிக் காட்டில் வழி தெரிய வேண்டாமா? பிரிட்டனின் லூக்காஸ் நிறுவனத்தார் நிறங்களைக் கொண்டு ஓர் ஒழுங்கு செய்தனர். பழுப்பு, மின்கலத்திலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பிய பின் உயிர் பெறுவது. பச்சை, ஃபியூஸைக் கடந்து வருவது. கறுப்பு, எர்த்து. இதே லூக்காஸ் நிறுவனம் 1961இல் டி.வி.எஸ். குழுமத்துடன் சேர்ந்து சென்னைப் பாடியில் மின்கருவித் தொழிலைத் தொடங்கிற்று. பிரிட்டிஷ் மாரிஸ் வண்டியின் மரபில் வந்த நம் அம்பாசிடரிலும் இந்த நிற மொழியைக் காணலாம்.

ஆனால் மொழியைக் காப்பவர் யார்? வண்டி கைமாறக் கைமாற, புது ஒலிப்பான் ஒருவர் சேர்ப்பார். மின்விசிறி இன்னொருவர் சேர்ப்பார். கையில் அகப்பட்டது சிவப்புக் கம்பியானால் எல்லாம் சிவப்பே. இருபது ஆண்டு கழித்து வருபவனுக்கு அது கல்வெட்டில் எழுத்துச் சிதைந்த பகுதி போன்றது.

ஓசூரைப் பற்றி நான் இங்கே சொல்லக் காரணம் உண்டு. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் உள்ள இவ்வெல்லை ஊரில், 1980ஆம் ஆண்டளவில் அசோக் லேலண்டின் கனரக வண்டித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். மொபெட் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றிச் சிறு பட்டறைகள் முளைத்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசப்படும் அத்தகைய பட்டறை ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவர் பழைய அம்பாசிடரைச் சோதித்ததை நான் அருகில் நின்று பார்த்தேன்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஒருமுறை முனகி அடங்கிற்று. மின்கலம் கெட்டது என்றார் உரிமையாளர். முதியவர் முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். “விளக்கு சாகவில்லையே! பாட்டரிமேல் பழி போடாதீர்கள் ஐயா” என்றார். பிறகு வோல்ட் மீட்டரின் ஒரு முனையை மின்கலத்தின் எர்த்து முனையிலும், மறு முனையை இயந்திரத்தின் உடலிலும் வைத்து, “தம்பி, திருப்பு” என்றார். முள் நான்கு வோல்ட்டில் நின்றது. அரை வோல்ட்டுக்குமேல் அங்கே இருக்கக் கூடாது.

இதில் மாணவர்கள் ஊன்றி நோக்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இயந்திரம் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதை வண்டியின் உடலோடு இணைக்க ஒரு பின்னல் செம்புப் பட்டை தேவை. அப்பட்டையின் முனை துருவேறி, தடை ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகிவிட்டது என்று கொள்வோம். சோதனை விளக்கு அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. அதன் வழியில் நேரும் இழப்பு நூறில் ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். விளக்கு பளிச்சென்று எரிந்து, இணைப்பு நன்று என்று பொய் சொல்லும். செல்ஃப் இழுப்பதோ இருநூறு ஆம்பியர் வரை. பன்னிரண்டு வோல்ட்டில் நான்கு அத்துருவிலேயே கரைந்து போகும். 1827இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி இது. முதியவர் ஓமின் பெயரைச் சொல்லவில்லை. பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி முடுக்கினார். இயந்திரம் உடனே கிளம்பிற்று.

உரிமையாளர் புறப்பட அவசரப்பட்டார். முதியவர் விடவில்லை, ஒரு சிவப்புக் கம்பி அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அதை வெட்டி எறிவது எளிது. அவரோ இரு முனைகளையும் தேடினார். ஒரு முனை ஃபியூஸ் ஏதுமின்றி மின்கலத்தோடு சேர்ந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு, இடையில் அகப்பட்ட ஓர் இணைப்பைப் பிரித்து, விளக்கும் தனி மின்கலமும் கொண்டு எந்தப் பாதி எங்கே போகிறது என்று பார்த்தார். பின் அந்தப் பாதியையும் பாதியாக்கினார். கடலடித் தந்திக் கம்பி எங்கே பழுதுற்றது என்பதைக் கரையிலிருந்தே அளந்தறிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்களின் பொறுமைக்கு இது தாழ்ந்ததன்று என்பது என் எண்ணம். கம்பி பின்னிருக்கையின் அடியில், உரித்த முனையோடு, இரும்புச் சட்டத்துக்கு ஒரு விரற்கடைத் தொலைவில் முடிந்தது. என்றோ கழற்றப்பட்ட ஏதோ ஒரு விளக்குக்கு உரியது போலும். இருக்கை சற்று அழுந்தியிருந்தால் அம்முனை சட்டத்தில் பட்டு, கம்பி பழுக்கக் காய்ந்து, உள்ளிருப்போருடன் வண்டியே எரிந்திருக்கக்கூடும்.

1986இல் பாஷ் நிறுவனம் அறிவித்த ‘கேன்’ முறை வந்தபின், இரண்டே கம்பிகளில் பல கருவிகள் மாறி மாறிச் செய்தி பேசிக்கொள்கின்றன. கம்பிக் கட்டு மெலிந்தது. பழுதைக் குறியீட்டெண்ணாகக் காட்டும் கருவியும் வந்தது. மின்னழுத்தம் குறைவு என்று அது சொல்லும், எந்தத் துருவினால் என்பதை மனிதன்தான் தேடவேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் செய்யப்படுகின்றன: ஓசூரில் ஏதரும் டி.வி.எஸ்ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும். மின்சாரக் கார்களிலோ உயர்மின்னழுத்தக் கம்பிக்கு ஆரஞ்சு நிறம் உரியதாயிற்று. அதைத் தொடுமுன் பாதுகாப்பு இணைப்பைக் கழற்றிவிட்டு, மின்தேக்கிகள் வடியும்வரை சில நிமிடம் காத்திருக்கவேண்டும். அதன் பின்னரும் மீட்டரை வைத்துப் பார்த்தே கைவைக்கிறார்கள்.