சவர்க்காரமும் சாபுனும்

பாஸ்கு மொழியில் சோப்புக்கு ‘ஷபோய்’ என்று பெயர். மலாயில் ‘சாபுன்’. பின்னிய மொழியில் ‘சைப்புவா’, ஜார்ஜிய மொழியில் ‘சபோனி’, துருக்கியில் ‘சபுன்’, சுவாகிலியில் ‘சபுனி’. இவ்வாறும் ஒன்றுக்கொன்று உறவற்ற மொழிகள். அவற்றுள் பாஸ்கு, எம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி.

இப்படியொரு பட்டியல் கிடைத்தால் உடனே ஒரு மூலமொழியைக் கட்டி எழுப்பிவிடும் ஆசை நம்மவர்க்கு உண்டு. பாஸ்குக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு காட்ட முயன்ற லஹோவாரியின் நூல் 1963இல் வெளிவந்தது. மொழியியலார் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அத்தகைய ஒப்புமைகளை வகுப்பறையில் ஒரு காலத்தில் நாமும் ஆர்வத்தோடு சொல்லி வந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சோப்பின் கதை வேறு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியர் பிளினி, கொழுப்பும் சாம்பலும் சேர்த்துச் செய்யும் ‘சாப்போ’வைக் கால் இனத்தாரின் கண்டுபிடிப்பு என்கிறார். அழுக்கு நீக்க அன்று, தலைமயிரைச் செந்நிறமாக்க! செருமானியரில் பெண்களைவிட ஆண்களே அதனை மிகுதியாகப் பயன்படுத்தினர் என்றும் எழுதுகிறார். சொல் செருமானியக் கிளையிலிருந்து இலத்தீனுக்குப் போனது என்பதே இன்று பெரும்பாலோர் முடிபு. இலத்தீனின் வழிவந்த அண்டை மொழிகளிடமிருந்து பாஸ்கு அதனைப் பெற்றது. கிரேக்கத்தின் வழியே மேற்காசியாவுக்குச் சென்ற சொல் அரபியில் ‘ஸாபூன்’ ஆயிற்று. ஒலிவ எண்ணெய்ச் சோப்புக்குப் பேர்போன அலெப்போவும் நாப்லுசும் அரபுலகத்தின் ஊர்களே. அரபு வணிகர் சென்ற கடற்கரைகளில் சுவாகிலியும் மலாயும் அச்சொல்லை ஏற்றன. ஐபீரிய வணிகரால் ஜப்பானுக்குப் போன ‘ஷபோன்’, இன்று முக்கியமாகச் சோப்புக்குமிழியின் பெயரிலேயே எஞ்சியிருக்கிறது. சரக்கோடு போன சொல்லுக்கு இரத்த உறவு தேடுவது வீண்.

இதைச் சொல்லி முடித்த ஒருநாள், “அப்படியானால் சவர்க்காரம் பிரெஞ்சு ‘சவோன்’ தானே?” என்று மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி; பழைய பொறியும் அதுவே. முதலெழுத்துகளின் ஒப்புமையில் மயங்காமல் சொல்லின் பின்பாதியைப் பார்க்க வேண்டும். படிகாரம், வெங்காரம் என்பவற்றில் உள்ள அதே காரம் அது. ஐரோப்பியச் சோப்பு வருமுன்னரே துணி வெளுக்க இங்கே உவர்மண் இருந்தது. களர்நிலத்துக் கிணற்று நீரில் ஆடை வெளுக்கும் பெண்ணைப் புறநானூற்றின் 311ஆம் பாடலிலேயே காண்கிறோம்.

இலங்கைக்குப் போனால் வேடிக்கை இன்னும் தெளிவாகும். சிங்களவர் கடையில் கேட்பது ‘சபன்’. போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். அதே கடையில் தமிழர் கேட்பது சவர்க்காரம். இருவர் கையிலும் வந்து சேர்வது ஒரே கட்டிதான்.