மாற்றுக் கல்விப் பள்ளிகளில் மாணவர் இட எண்ணிக்கை (இங்கிலாந்து)

பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டவர்கள், நோயால் வகுப்புக்குச் செல்ல முடியாதவர்கள், வேறு காரணங்களால் பொதுப் பள்ளியில் தொடர இயலாதவர்கள் ஆகியோருக்காக இங்கிலாந்தில் நடத்தப்படுபவை மாற்றுக் கல்விப் பள்ளிகள். இத்தகைய பள்ளி ஒன்றில் எத்தனை பேருக்கு நிதி ஒதுக்கி இடம் வைக்கப்படுகிறது என்பதே அதன் இட எண்ணிக்கை. தேவை மாறும்போது இந்த எண்ணிக்கை கூட்டப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது.

சட்டப் பின்னணி

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பள்ளிக் கல்வி கிடைக்காத கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி ஏற்பாடு செய்யும் கடமையை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கிறது. நிரந்தரமாக நீக்கப்பட்ட பிள்ளைக்கு ஆறாவது பள்ளி நாளிலிருந்து முழுநேரக் கல்வி கிடைத்தாக வேண்டும். மன்றங்கள் நேரடியாக நடத்தும் மாற்றுக் கல்வி நிலையங்களோடு, 2010ஆம் ஆண்டு அகாடமிகள் சட்டத்துக்குப் பின், மன்றங்களைச் சாராமல் அரசு நிதியில் இயங்கும் மாற்றுக் கல்வி அகாடமிகளும் தோன்றின.

நிதி முறை

2013 முதல் நிதி இரண்டு பகுதிகளாக வருகிறது. முதலாவது, இடத்துக்கான நிதி. தொடக்கத்தில் இடம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 8,000 பவுண்டாக இருந்த இது 2015இல் 10,000 ஆக உயர்ந்தது. இடம் காலியாக இருந்தாலும் ஆண்டின் நடுவில் இந்தத் தொகை திரும்பப் பெறப்படுவதில்லை. இரண்டாவது, பிள்ளையைப் பின்தொடரும் கூடுதல் நிதி. பிள்ளையை அனுப்பும் மன்றமோ பள்ளியோ இதைச் செலுத்தும். பிள்ளை வெளியேறினால் இது நின்றுவிடும்.

எடுத்துக்காட்டாக, 60 இடங்கள் உள்ள பள்ளிக்கு 6 லட்சம் பவுண்ட் உறுதியாக வரும். அங்கே 70 பிள்ளைகள் சேர்ந்துவிட்டால், மீதிப் பத்துப் பேருக்கான இட நிதி தானாக வராது. மன்றத்தோடு பேசித்தான் பெற வேண்டும்.

திருத்தும் முறை

மன்றம் தானே நடத்தும் நிலையங்களின் இட எண்ணிக்கையை அந்த மன்றமே தீர்மானிக்கிறது. அதற்கான பணம், உயர் தேவையுள்ள மாணவர்களுக்காக அரசு தரும் மானியப் பகுதியிலிருந்து எடுக்கப்படுகிறது. நிதியாண்டு ஏப்ரலிலும் கல்வியாண்டு செப்டம்பரிலும் தொடங்குவதால், செப்டம்பரில் கூட்டப்படும் ஓர் இடத்துக்கு அந்த நிதியாண்டில் பன்னிரண்டில் ஏழு பங்கு, அதாவது ஏறத்தாழ 5,833 பவுண்டே செலவாகும்.

அகாடமிகளின் நிலை வேறு. மன்றமும் அகாடமியும் பேசி முடிவெடுத்த எண்ணிக்கையை, மன்றம் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நடுவண் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மாற்றம் அடுத்த கல்வியாண்டிலிருந்து நடைமுறைக்கு வரும். இட நிதியை மன்றத்தின் மானியத்திலிருந்து கழித்து, அரசே அகாடமிக்கு நேரடியாக வழங்கும்.

எண்ணிக்கையைக் கணிப்பதன் கடினம்

நிரந்தர நீக்கங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடுகின்றன. 2018–19இல் அவை 7,894. கொரோனா தொற்றால் பள்ளிகள் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில காலம் மூடப்பட்டிருந்த 2020–21இல் 3,928 ஆகக் குறைந்தன. 2023–24இல் 10,885 ஆக உயர்ந்தன. ஓர் ஆண்டுக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. கட்டாயப் பள்ளிக் கல்வியின் கடைசி ஆண்டான பதினோராம் ஆண்டின் மாணவர்கள் கோடையில் வெளியேறுவதால் செப்டம்பரில் கூட்டம் குறைவாக இருக்கும். பின்னர் பொதுப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வரவர இடங்கள் நிரம்பும். ஆகவே செப்டம்பர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து இடங்களைக் குறைப்பது தவறான கணக்கு.

பிள்ளைகள் எவ்வளவு காலம் தங்குகிறார்கள் என்பதும் முக்கியம். ஒவ்வொருவரும் ஒரு பருவம் தங்கிப் பழைய பள்ளிக்கோ புதிய பள்ளிக்கோ திரும்பினால், ஓரிடம் ஆண்டுக்கு மூவருக்குப் பயன்படும். திரும்பும் வழி அடைபட்டால் அதே இடம் ஒருவருக்கே போய்விடும். 2023 மார்ச்சில் அரசு வெளியிட்ட சிறப்புக் கல்வித் தேவை, மாற்றுக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் மூன்றடுக்கு முறையை முன்வைத்தது: பொதுப் பள்ளியிலேயே உதவி, குறுகிய காலச் சேர்க்கை, புதிய இடத்துக்கு மாறும் வரையிலான சேர்க்கை. முதல் அடுக்கு வலுவாக இருந்தால் மற்ற இரண்டின் மீதான நெருக்கடி தணியும்.

விளைவுகள்

எண்ணிக்கை தேவைக்குக் கீழே போனால் சிறிய வகுப்புகள் பெரிதாகின்றன. ஆசிரியரோடு தனியாகப் பேசக் கிடைக்கும் நேரம் குறைகிறது. சில பிள்ளைகள் தொலைவிலுள்ள நிலையங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். தேவைக்கு மிக அதிகமாக வைத்தால், அதே மானியத்தை நம்பியிருக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் பிற உதவிகளுக்கும் பணம் குறைகிறது. ஆனால் இவ்விரண்டு இழப்புகளும் சமமல்ல. நடுப்பருவத்தில் ஒரு பிள்ளை நீக்கப்பட்டால் ஆறாவது நாளுக்குள் இடம் வேண்டும். புதிய ஆசிரியரை அத்தனை விரைவில் அமர்த்த முடியாது. எனவே ஆண்டின் உச்ச நெருக்கடியைக் கணக்கில் கொண்டு, சில இடங்களைக் காலியாகவே வைத்திருப்பது வீண்செலவு ஆகாது. சட்டம் விதித்த கடமையை நிறைவேற்ற அதுவே வழி.