கேட்டது எங்கே போகிறது? சித்திரவதைக்கு ஆளானோருடன் பணிபுரிவோரின் சோர்வு பற்றி

சித்திரவதைக்கு ஆளானவர்களுக்குத் துணைநிற்கும் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள் ஏன் சோர்ந்துபோகிறார்கள் என்ற கேள்விக்கு உளவியல் துறையிடம் பழகிப்போன விடை ஒன்று இருக்கிறது. 1990இல் மெக்கான், பெர்ல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து அது. பிறர் பட்ட கொடுமையை நாள்தோறும் கேட்கிறவரின் மனத்திலும் அதன் சாயல் படிகிறது. மனிதர்களை நம்பலாம், உலகத்தில் அச்சமின்றி நடமாடலாம் என்ற அடிப்படை எண்ணங்கள் அவருக்குள்ளும் ஆட்டங்காண்கின்றன. இதைப் பிறர்வழி மனக்காயம் எனலாம். இந்தக் கருத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சோர்வின் வேரைச் சொல்லப்பட்ட கதைக்குள்ளேயே தேடுகிறது. சொன்னவரிடமிருந்து கேட்டவருக்குத் துயரம் தொற்றுகிறது என்பதோடு அதன் விளக்கம் முடிந்துவிடுகிறது. கேட்ட பிறகு அந்த வாக்குமூலம் யார் கைக்குப் போகிறது, அங்கே அதற்கு என்ன நேர்கிறது என்று அது கேட்பதில்லை. கொடுமையைக் கேட்பதைவிட, கேட்டறிந்து எழுதியது நம்பப்படாமல் திரும்பி வருவதே இவர்களை அதிகம் தேய்க்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். லண்டனில் உள்ள ஒரு நிறுவனத்தின் பணியையும், ஈழத்தமிழர் ஒருவரின் புகலிட வழக்கையும் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

ஹெலன் பாம்பர் 1925இல் லண்டனில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1945இல், இருபது வயதில், விடுவிக்கப்பட்ட பெர்கன்-பெல்சன் நாஜி முகாமுக்கு நிவாரணப் பணியாளராகப் போனார். அங்கே எஞ்சியிருந்தவர்களில் பலருக்கு அவரால் மருந்தோ ஊரோ உறவோ தர முடியவில்லை. அவர்கள் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடிந்தது; கேட்டதை மறக்கவிடமாட்டேன் என்று வாக்களிக்க முடிந்தது. பின்னாளில் அவர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985இல், சித்திரவதைக்கு ஆளானோர் பராமரிப்புக்கான மருத்துவ அறக்கட்டளையை லண்டனில் தொடங்கினார். 2011 முதல் அதன் பெயர் ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர். டென்மார்க்கில் இங்கெ கெனஃப்கெ என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1974 முதலே சித்திரவதைக்கு ஆளானோரைப் பரிசோதித்து, 1982இல் கோபன்ஹேகனில் மறுவாழ்வு மையத்தை நிறுவியிருந்தார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை 1984 டிசம்பரில் ஏற்கப்பட்டு 1987 ஜூன் 26இல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்கள் சட்டத்தை முந்திக்கொண்டுவிட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாம்பரின் வரலாறு சொல்லப்படும்போதெல்லாம் நல்ல செவி படைத்த ஓர் அசாதாரணப் பெண்ணின் கதையாகவே சொல்லப்படுகிறது. அவர் மீது எனக்குள்ள மதிப்பு பெரியது. ஆனாலும் இந்தத் தனிமனிதப் புகழ்ச்சி ஒன்றை மறைத்துவிடுகிறது. பெல்சனில் கேட்டவற்றை அவர் எந்த அதிகாரியிடமும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. முகாம் கண்முன்னே கிடந்தது. இன்றைய பணியாளருக்கு அந்த வசதி இல்லை. கொடுமை நடந்த இடம் வேறொரு கண்டத்தில் இருக்கிறது. செய்தவர்கள் பதவியில் இருக்கிறார்கள். நடக்கவில்லை என்று அரசாங்கம் அறிக்கை விடுகிறது. சாட்சி என்று எஞ்சுவது ஓர் உடம்பும் அதற்குரியவரின் வாய்ச்சொல்லும்தான்.

அந்த உடம்பைப் படித்து எழுதுவது மருத்துவ-சட்ட அறிக்கை எனப்படும். ஒரே அமர்வில் அது பெரும்பாலும் முடிவதில்லை. வந்தவர் முதலில் கதவு தெரியும்படியான நாற்காலியைத் தேடுகிறார். சட்டையைக் கழற்றச் சொல்லும் முன் மருத்துவர் அனுமதி கேட்கிறார். வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம் என்று சொல்கிறார். விசாரணை அறையில் எவரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். முன்புறமும் பின்புறமும் வரைந்த உடல் படத்தாளில் ஒவ்வொரு தழும்பும் குறிக்கப்படுகிறது. பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுக்கப்படுகிறது. நீளம், அகலம், நிறம், ஓரம் கூரியதா மங்கியதா என்பதெல்லாம் பதிவாகின்றன. முழங்காலில் ஒரு வடுவைக் காட்டி இது எப்படி வந்தது என்று மருத்துவர் கேட்டால், "அது சின்னனில சைக்கிளால விழுந்தது, டொக்டர். அது அவங்கட வேலை இல்லை" என்கிற மாதிரிப் பதில் வரும். அதுவும் அறிக்கையில் ஏறும். தனக்குச் சாதகமில்லாத வடுவைத் தானே விலக்கிக் காட்டும் மனிதரையும், அதை விடாமல் எழுதும் மருத்துவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஆவணத்தின் நேர்மை விளங்கும். இந்த நிறுவனங்களின் மருத்துவர்கள் கட்சிக்காரரின் பக்கம் சாய்ந்து எழுதுகிறார்கள் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்காததற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் அளவுகோல். 1999இல் ஐ.நா.விடம் அளிக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, ஒவ்வொரு காயத்துக்கும் சொல்லப்படும் காரணத்துக்குமுள்ள பொருத்தத்தை ஐந்து படிகளாக வகுக்கிறது. முதற்படி, பொருந்தவில்லை என்பது. அடுத்தது, பொருந்துகிறது, ஆனால் வேறு பல காரணங்களாலும் வந்திருக்கலாம். அதற்கு மேல், மிகவும் பொருந்துகிறது, வேறு காரணங்கள் சிலவே. நான்காவது, இவ்வகைக் கொடுமையில் வழக்கமாகக் காணப்படும் தோற்றம். ஐந்தாவது, வேறெந்த வகையிலும் வந்திருக்க முடியாது. ஐந்தாம் படியில் வைக்கத்தக்க தழும்புகள் குறைவு. மனம் முழுக்க நம்பினாலும் மருத்துவர் இரண்டாம் படியில் எழுதிவிட்டு எழுந்துவர வேண்டிய நாட்கள் உண்டு. இந்தக் கட்டுப்பாட்டைத் தாமே ஏற்றுக்கொண்டவர்களிடம்தான் அரசு ஐயத்தோடு பேசுகிறது.

கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் தமிழரின் வழக்கு இதற்குச் சான்று. இலங்கைப் படையினர் தம்மைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டதாக அவர் சொன்னார். முதுகிலும் கையிலும் தழும்புகள் இருந்தன. கையிலுள்ளவற்றின் ஓரங்கள் மங்கியிருந்தன. முதுகிலுள்ளவை கூர்மையாக இருந்தன. கையில் சுட்டபோது துடித்து அசைந்திருப்பார், பிறகு நினைவிழந்ததால் முதுகு அசையவில்லை என்று மருத்துவர் விளக்கினார், கே.வி.யின் வாக்குமூலமும் அதுதான். 2014இல் பிரிட்டனின் மேல் தீர்ப்பாயம் இதே கூர்மையை எடுத்துக்கொண்டு நேர் எதிராகப் படித்தது. மயக்க மருந்து கொடுத்துத் தம் சம்மதத்தோடு வேறொருவரைக் கொண்டு சுட்டுக்கொண்டிருக்கலாம் அல்லவா என்றது. புகலிடம் பெறுவதற்காகத் தன் முதுகைத் தானே ஏற்பாடு செய்து பொசுக்கிக்கொண்டவர் என்ற சந்தேகம் அவர் மேல் விழுந்தது. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் பெரும்பான்மை அவருக்கு எதிராகவே போயிற்று. எலியாஸ் என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டார். இவ்வளவு வலியையும் ஆபத்தையும் ஒருவர் தாமே தேடிக்கொள்வது எத்தனை அரிது என்பதைச் சுட்டிக்காட்டினார்.

2019 மார்ச் 6இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டை ஏற்றது. வில்சன் பிரபு எழுதிய தீர்ப்பில் இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு முக்கியமானவை. புகலிடம் கோருவோர் பிறரைக் கொண்டு தமக்கே காயம் ஏற்படுத்திக்கொண்டதற்கான சான்று இல்லையென்றே சொல்லுமளவு அரிது. இலங்கைப் படையினரின் சித்திரவதைக்கோ சான்றுகள் ஏராளம் என்றார். காயத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தோடும் அது நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட சூழலோடும் தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்று கருத்துரைப்பது மருத்துவரின் வேலைக்கு உட்பட்டதே என்றும் தெளிவுபடுத்தினார். வழக்கு மறுவிசாரணைக்குத் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சரும் ஹெலன் பாம்பர் அறக்கட்டளையும் மெடிக்கல் ஜஸ்டிஸ் அமைப்பும் இதில் தலையிட்டு வாதிட்டன. தங்கள் பணியாளர்களின் தொழிலறிவும் அந்தக் கூண்டில்தான் நிற்கிறது என்பதை அவை சரியாகவே உணர்ந்திருந்தன.

உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று. அதற்குக் கீழே எத்தனையோ கோப்புகள். முடிவெடுக்கும் உள்துறை அமைச்சக அலுவலர்கள் மருத்துவர் எழுதியதை ஒதுக்கிவிட்டுத் தங்கள் சொந்தக் கருத்தை வைக்கிறார்கள் என்பதை ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர் 2016இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. மருத்துவப் பயிற்சி இல்லாத ஒருவர், பல மணிநேரப் பரிசோதனையில் உருவான கணிப்பை ஒரு பத்தியில் தள்ளிவிட முடிகிறது. மறுப்புக் கடிதத்தின் படி நிறுவனத்துக்கு வருகிறது. அடுத்த வாரம் அதே மனிதர் அதே அறைக்குச் சிகிச்சைக்கு வருகிறார். 'நீங்கள் எழுதியும் நம்பவில்லையா?' என்ற கேள்வியோடு அவர் எதிரே உட்காரும்போது அந்த மருத்துவரோ உளவியலாளரோ அனுபவிப்பதை, கதையிலிருந்து தொற்றிய துயரம் என்று மட்டும் சொல்லி அமைவது நியாயமாகப் படவில்லை. யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே சித்திரவதை செய்யப்படுகிறது. சொன்னாலும் எவரும் நம்பமாட்டார்கள் என்று செய்பவர்கள் சொல்லியே அனுப்புகிறார்கள். மறுப்புக் கடிதம் அந்த வாக்கை மெய்யாக்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி பணியாளர் வைக்கப்படுகிறார்.

சிலியின் அனுபவத்தை இங்கே ஒப்பிடலாம். பினோசேயின் ஆட்சிக் காலத்தில், 1983இல், எலிசபெத் லிராவும் யூகேனியா வைன்ஸ்டைனும் புனைபெயர்களில் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். சித்திரவதைக்கு ஆளானவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, அவரோடு சேர்ந்தே திருத்தி, ஆவணமாக அவர் கையில் தருவது அவர்கள் முறை. இவ்வேலையில் நடுநிலை என்பது இயலாது, கேட்பவர் சொல்பவரோடு கடப்பாடு கொண்ட உறவில் இருக்க வேண்டும் என்ற கொள்கையும் அந்தச் சிலிக் குழுவினரிடமிருந்தே வலுப்பெற்றது. அந்தச் சூழல் லண்டனைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. ஆனால் ஆவணம் சொன்னவருக்கே உரியதாக இருந்தது. வாரணாசியில் இயங்கும் மக்கள் மனித உரிமைக் கண்காணிப்புக் குழு, டேனிஷ் மையத்தின் துணையோடு 2008 முதல் இம்முறையைக் கையாண்டது. காவல்துறையிடம் அடிபட்டவரின் வாக்குமூலம் ஊரார் முன்னிலையில் வாசிக்கப்பட்டு அவருக்கு மரியாதை செய்யப்படுகிறது. நம்புவதற்கு ஊர் கூடியிருக்கிறது. லண்டன் அறிக்கையோ நேரே சந்தேகப்படுவதையே கடமையாகக் கொண்ட மேசைக்குப் போகிறது. கேட்கப்படும் கதைகள் ஒத்தவை. அவை சென்றுசேரும் இடங்கள் வேறு. சோர்வை ஆராய்கிறவர்கள் இந்த வேறுபாட்டை ஒரு காரணியாகவே எடுத்துக்கொள்ளாதது பெருங்குறை.

இதுவரை மருத்துவரையும் உளவியலாளரையும் பற்றியே பேசினேன். அறையில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தமிழ்க் கோப்புகளில் அந்த மொழிபெயர்ப்பாளரே முதலில் கேட்பவர். 'என்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள்' என்று வந்தவர் சொன்னதும், அவரும் தன்மையிலேயே 'நான்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவே தொழில் முறை. மருத்துவரை அந்தச் சொல் அடையும் முன் இவர் வாயைக் கடந்து போகிறது. பல மொழிபெயர்ப்பாளர்கள் தாமே போருக்குத் தப்பி வந்தவர்கள். எதிரே இருப்பவர் முதலில் அளப்பதும் இவரைத்தான்: எந்த ஊர், எந்த இயக்கத்து ஆள், சொன்னது ஊருக்குப் போய்விடுமோ. சில அமர்வுகள் அந்த அச்சம் தணியவே செலவாகும். அது தணிந்தது இந்த மனிதரின் முகத்தாலும் குரலாலும் என்பது எந்த அறிக்கையிலும் இடம்பெறாது. உளவியலாளருக்குத் தொழில்முறை மேற்பார்வையாளர் உண்டு, பேசித் தீர்க்க ஓர் இடம் உண்டு. மணிக்கணக்கில் கூலி பெறும் மொழிபெயர்ப்பாளர் அமர்வு முடிந்ததும் கையொப்பமிட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியவராகவே பல இடங்களில் இருக்கிறார்.

என் வாதத்துக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. நம்பிக்கை மறுக்கப்படாத இடங்களிலும் இத்தகைய பணியாளர்கள் நொறுங்கத்தானே செய்கிறார்கள்? உண்மைதான். போருக்கு நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் தம் நூலில் பதிவுசெய்த உலகில், கேட்பவரும் சொல்பவரும் ஒரே குண்டுவீச்சின் கீழ் இருந்தார்கள். அங்கே மனக்காயத்துக்குத் தீர்ப்பாயம் தேவைப்படவில்லை. ஆகவே கதையின் பாரத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அதைக் குறைப்பது யார் கையிலும் இல்லை. நடந்தது நடந்ததுதான். அவநம்பிக்கையின் பாரம் அப்படிப்பட்டதன்று. விதிகளாலும் அலுவலக வழக்கங்களாலும் ஆனது, மாற்றத்தக்கது. மாற்றத்தக்கதை விட்டுவிட்டு, பணியாளருக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துவதோடு நிறுவனம் தன் பொறுப்பு முடிந்ததாகக் கருதினால், அரசு செய்த காயத்துக்குப் பணியாளரின் மனவலிமைக் குறைவே காரணம் என்று சொல்லாமல் சொல்கிறது.

2015இல் ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர் வெளியிட்ட இலங்கை பற்றிய அறிக்கை வேறொரு வழியைக் காட்டியது. 2009 மே மாதத்துக்குப் பிறகு, அதாவது போர் முடிந்தபின், நடந்த சித்திரவதை பற்றிய 148 மருத்துவ-சட்ட அறிக்கைகளை ஒன்றாக வைத்து அது ஆராய்ந்தது. தனித்தனியே ஐயத்துக்கு இலக்கான வாக்குமூலங்கள் ஒன்று சேர்ந்தபோது ஓர் அரசின் நடைமுறையாகத் தெரிந்தன. தீர்ப்பாயத்தில் எழுந்த 'தானே சுட்டுக்கொண்டாரா' என்ற கேள்வி இந்த எண்ணிக்கையின் முன் தலையெடுக்க முடியாது. எழுதியவர்களின் உழைப்புக்கும் தனிக் கோப்பைத் தாண்டிய பயன் கிடைத்தது. இப்படித் தொகுத்து வெளியிடுவதைப் பிரசாரப் பிரிவின் வேலையாக மட்டும் வைக்காமல், அறிக்கை எழுதிய மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் பங்குகொள்ளும் வேலையாக ஆக்க வேண்டும் என்பது என் கருத்து. தாம் எழுதிய அறிக்கை என்ன ஆயிற்று என்பதை ஒவ்வொரு பணியாளருக்கும் முறையாகத் தெரிவிக்க வேண்டும். மறுக்கப்பட்டால், அடுத்த அமர்வுக்கு அந்த மனிதர் வருமுன் அவரோடு பணிபுரிகிற எல்லோரும் கூடிப் பேச வேண்டும். அந்தக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளருக்கும் நாற்காலி வேண்டும், அமர்ந்திருக்கும் நேரத்துக்குக் கூலியும் வேண்டும். நிதி தருகிறவர்கள் எத்தனை பேருக்குச் சிகிச்சை, எத்தனை அறிக்கை என்றுதான் கேட்கிறார்கள். அந்த அரைமணி நேரமும் நிதிக் கோரிக்கையில் தனி வரியாக இடம்பெறட்டும்.