கெட்டது குடல், மாற்றியது கல்லீரல்

மருத்துவ வரலாறு படிக்கிற கிறுக்கு எனக்குக் கொஞ்சம் உண்டு. அதுல மனசை விட்டுப் போகாத கதை ஒண்ணு.

சில குழந்தைகள் போதுமான சிறுகுடல் இல்லாமலே பிறக்கும். சிலதுக்குப் பிறந்த சில நாளில் குடல் அழுகி, வெட்டி எடுக்க வேண்டி வரும். மிச்சக் குடலுக்குப் பாலை உறிஞ்சுற தெம்பு இருக்காது. 1960களின் நடுப்பகுதி வரை இவங்களுக்குப் பட்டினிதான் முடிவு.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் டாக்டர், பீகிள் நாய்க்குட்டிகளுக்கு வேண்டிய சத்து முழுவதையும் ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றி வளர்த்துக் காட்டினார். 1967-ல் அதே ஊரில், குடலின் பெரும்பகுதி இல்லாத ஒரு பெண் குழந்தைக்கும் அப்படியே கொடுத்தார்கள். எடை கூடியது. ஏறக்குறைய இரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள்.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த சிக்கல். மாதக்கணக்கில் இந்த உணவிலேயே இருந்த குழந்தைகளுக்குக் கண் மஞ்சளானது. பித்தம் தேங்கி, கல்லீரல் இறுகிப்போனது. உயிரைக் காப்பாத்தின சோறே கல்லீரலைத் தின்னுடுச்சு!

சரி, குடல், கல்லீரல் ரெண்டையும் சேர்த்தே மாத்தினா என்ன? கனடாவின் லண்டன் நகரில் டேவிட் கிராண்ட் 1988-ல் ஒரு பெரியவருக்குச் செய்து ஜெயித்தார். ஆனால் மாற்றுக் குடலை உடம்பு லேசில் ஏற்காது. அடக்க மருந்து அதிகம் கொடுக்கணும், கொடுத்தால் கிருமி தொற்றும். குழந்தையின் சின்ன வயிற்றுக்குள் அடங்குகிற உறுப்புகள் கிடைப்பதும் அபூர்வம்.

நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா டாக்டர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். பச்சைக் குழந்தையின் குடல் வளருமே! மிச்சக் குடல் நீண்டு, தடித்து, மெல்ல வேலை கற்றுக்கொள்ளும். அதுக்கு வேண்டியது அவகாசம். கெட்டுப்போன கல்லீரல்தான் அந்த அவகாசத்தைத் தரலை. அதனால், கொஞ்சமாவது குடல் வழியாகச் சாப்பிடத் தொடங்கியிருந்த குழந்தைகளாகப் பார்த்து, கல்லீரலை மட்டும் மாற்றினார்கள். 11 குழந்தைகளின் விவரம் 2002-ல் வெளியானது. பெரும்பாலோர் பிழைத்தார்கள். ரத்தக்குழாய் உணவே தேவைப்படாத நிலைக்கு வந்தவர்களும் உண்டு.

இன்னொரு பக்கம், குற்றவாளிகளில் ஒன்று அந்த உணவில் சேர்த்த சோயா எண்ணெய்க் கொழுப்பு என்று தெரியவந்தது. பாஸ்டனில் கேத்லீன் குராவும் மார்க் பூடரும் 2004 முதல் அதற்குப் பதில் மீன் எண்ணெய்க் கொழுப்பை ஏற்றிப் பார்த்தார்கள். பல குழந்தைகளுக்கு மஞ்சள் இறங்கியது. 2018-ல் அமெரிக்க அரசும் அனுமதி தந்தது. கல்லீரலே மாற்ற வேண்டிய குழந்தைகள் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

பிலடெல்பியா குழந்தைக்கு இதில் எதுவும் கிடைக்கலை. ஆனா குடல் இல்லாமலும் ஒரு குழந்தை வளரும்னு உலகத்துக்குக் காட்டினது அவள்தான். டாக்டர் பதிவர்கள் யாராச்சும் இதை இன்னும் விரிவா எழுதினா நல்லா இருக்கும்.