இசட் நகரைத் தேடிய பயணம்

இசட் என்பது பிரேசிலின் மாட்டோ குரோசோ காட்டுப்பகுதியில் மறைந்து கிடப்பதாக ஆங்கிலேய நில அளவையாளர் பெர்சி ஃபாசெட் நம்பிய பண்டைய நகருக்கு அவர் இட்ட பெயராகும். அதைத் தேடி 1925 ஆம் ஆண்டு காட்டுக்குள் சென்ற அவர் திரும்பவில்லை.

பின்னணி

1867 இல் பிறந்த ஃபாசெட், பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரியாக இலங்கையின் திருகோணமலையில் பணியாற்றியவர். 1906 முதல் பொலிவியாவின் எல்லைகளை அளக்கும் பணியில் ஈடுபட்டார். ரியோ டி செனீரோ தேசிய நூலகத்திலுள்ள 512 ஆம் எண் கையெழுத்துப் பிரதி அவரைப் பெரிதும் கவர்ந்தது. கல் வளைவுகளும் சிலையும் கொண்ட ஒரு பாழடைந்த நகரை போர்த்துக்கேயர் குழுவொன்று 1753 இல் கண்டதாக அது கூறுகிறது. ஆனால் அமேசான் மண் வளமற்றது, அங்கு பெரிய குடியிருப்புகள் இருந்திருக்க முடியாது என்பதே அக்கால அறிஞர் பலரின் கருத்தாக இருந்தது.

இறுதிப் பயணம்

ஃபாசெட்டுடன் அவரது மகன் ஜாக்கும், ஜாக்கின் நண்பர் ராலி ரிமெலும் சென்றனர். 1925 மே 29 அன்று, முந்தைய பயணத்தில் தமது குதிரை இறந்த இடத்திலிருந்து ஃபாசெட் கடைசிக் கடிதத்தை அனுப்பினார். மூவரும் தங்கள் ஊரில் தங்கிவிட்டுக் கிழக்கே சென்றதாகவும், சில நாட்கள் தெரிந்த அவர்களது முகாம் புகை பின்னர் நின்றுவிட்டதாகவும் கலப்பலோ பழங்குடியினரின் வாய்மொழி மரபு கூறுகிறது. 1928 இல் ஜார்ஜ் டயாட் தலைமையில் சென்றது உட்படப் பல தேடல் குழுக்களால் அவர்களைக் கண்டுபிடிக்க இயலவில்லை.

பிற்கால ஆய்வுகள்

தொல்லியலாளர் மைக்கேல் ஹெக்கன்பெர்கர் மேல் சிங்கு ஆற்றுப் பகுதியில் குய்க்குரோ மக்களுடன் வாழ்ந்து ஆய்வு செய்தார். 2003 இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் குய்க்குரோ இனத்தவர் இருவரும் இணை ஆசிரியர்களாக இருந்தனர். ஏறத்தாழ 1250 முதல் 1600 வரை செழித்திருந்த 19 பெரிய குடியிருப்புகளை அக்கட்டுரை விவரிக்கிறது. அவற்றில் அகழிகளும் வட்டவடிவப் பொதுவெளிகளும் இருந்தன. நேரான அகன்ற சாலைகள் ஓர் ஊரை மற்றோர் ஊருடன் இணைத்தன. இவற்றுள் ஒன்று குகிக்குகு எனப்படுகிறது. ஐரோப்பியர் வழியாகப் பரவிய நோய்களால் மக்கள் தொகை வெகுவாகக் குறைய, ஊர்களைக் காடு மூடியது.

மதிப்பீடு

அமேசானில் பெரிய சமூகங்கள் இருந்தன என்ற ஃபாசெட்டின் நம்பிக்கை சரியானதே. ஆனால் அவர் எதிர்பார்த்தது கல் கட்டடங்களை. இங்கு இருந்தவையோ மண்ணாலும் மரத்தாலும் ஆனவை. அவற்றைக் கட்டியவர்கள் வெளியிலிருந்து வந்த ஏதோவொரு பழைய இனத்தவர் என்றும் அவர் கருதினார். உண்மையில் அவர் கடந்து சென்ற ஊர்களில் வாழ்ந்த மக்களின் முன்னோரே அவற்றைக் கட்டியவர்கள்.