கண்ணாடிப் பெட்டியும் மின்விளக்கும்

நெகிரி செம்பிலானின் தோட்டப்புற வரலாற்றை எழுதுவோர் கப்பலேறி வந்த மனிதரிலிருந்து தொடங்குவர். அது முறையே. ஆயினும் அம்மனிதரை ஈண்டு வரவழைத்த மரமும் கப்பலேறி வந்ததே. அதுவும் கண்ணாடிக்குள் அடைபட்ட கன்றாக வந்தது.

இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, 1829இல், மூடிய கண்ணாடிக் கலத்துள் செடி தானே முளைத்துத் தழைப்பதைக் கண்டார். அதன்வழிப் பிறந்த பெட்டிகள் கப்பலின் மேல்தளத்தில் வைக்கப்பட்டன. கண்ணாடி உப்புக்காற்றைத் தடுத்தது, ஒளியைத் தடுக்கவில்லை. கீழறையின் இருளில் நெடுநாள் கிடக்கும் கன்று பிழைப்பது அரிது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த ஏறத்தாழ 70,000 விதைகளுள் கியூ தோட்டத்தில் முளைத்தவை 2,700 அளவே. அவற்றுள் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்குப் புறப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பின்னாளில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் சூழ்ந்த கித்தாக் காடுகளின் முன்வரலாறு இதுவே.

காடு வளர்ந்தபின் ஒளியின் கதை தலைகீழாயிற்று. கிளைகள் கவிந்து அடிநிலம் இருண்டது. வெயிலேறி இலைகள் நீராவியை விடத் தொடங்கினால் பட்டையிலுள்ள பால்குழாய்களின் அழுத்தம் தளரும்; ஆகவே விடியுமுன்னரே சீவல் தொடங்கியது. நம் முன்னோர் நிரையில் கண்ட செயற்கை ஒளி, செடிக்கானதன்று. பால்மரம் சீவியவரின் நெற்றி விளக்கே அது.

செடிக்கே மின்னொளி ஊட்டிப் பார்த்தவர்களுள் முன்னோடி வில்லியம் சீமென்ஸ். 1880ஐ ஒட்டி இங்கிலாந்தில் அவர் செய்த சோதனைகளில், மறைப்பற்ற வில்விளக்கு இலைகளைக் கருக்கியது. இடையே கண்ணாடி வைத்ததும் அத்தீங்கு நீங்கியது. மீண்டும் கண்ணாடி! ஒளியின் அளவோடு அதன் கால நீட்சியும் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்பதை 1920இல் கார்னர், அல்லார்டு இருவரும் நிறுவினர். நம் கேமரன் மலையில் செவ்வந்தித் தோட்டங்கள் இரவில் ஒளிர்வது இதனாலேயே. நீண்ட இரவு அச்செடியைப் பூக்கத் தூண்டும்; நம் நாட்டு இரவோ ஆண்டு முழுதும் ஏறத்தாழ 12 மணி நேரம். விளக்கில்லையேல் தண்டு நீளுமுன்னரே மொட்டு வந்துவிடும்.

இரப்பர் செம்பனைக்கும், செம்பனை நீலாய் போன்ற நகர்களுக்கும் இடம்விட்டபோது, லயத்தை நீங்கிய குடும்பங்கள் அடுக்குமாடிகளில் குடியேறின. லயத்து வாசலில் வெயில் குளித்த கறிவேப்பிலை அங்கே தொட்டிக்குள் புகுந்தது, வாடியது. நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றி வேரை அழுகவிடுவோர் பலர். குறை பெரும்பாலும் ஒளியில் இருக்கிறது. நண்பகல் வெயில் 100,000 லக்ஸ் அளவை எட்டும். நமக்கு வெளிச்சமாகத் தோன்றும் வீட்டுக் கூடத்தில் சில நூறு லக்ஸே உண்டு. கண் இருளுக்குப் பழகிக்கொள்ளும், இலை அவ்வாறு பழகாது. சிறு விளக்கு ஒன்றை இருமடங்கு தொலைவிற்கு நகர்த்தினால், ஒளி காற்பங்காகச் சுருங்கும். எனவே வெண்ணிற எல்.இ.டி. விளக்கைக் கூரையில் தொங்கவிடாது, செடிக்கு ஓரடி மேலே வைத்து, நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். தண்டு மெலிந்து நெடுகினால் விளக்கைத் தாழ்த்துக. இலை வெளிறிக் கருகினால் உயர்த்துக. அகத்தி நிழலில் வளர்ந்து பழகிய வெற்றிலைக் கொடிக்கு இத்தனை ஒளி வேண்டுவதில்லை, சன்னலோரமே போதும்.